அலரியா, அரலியாவா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளை சுகமாக இருக்கிறாள். பக்கத்து அறையில் முழுச் சத்தத்தில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எழுதி முடிக்கும் வரைக்கும் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், நான்காம் மாடியில் எங்கள் வீடு. பல்கனியில் நின்றால் மரைன் டிரைவ், அதைத் தாண்டி ரெயில் பாதை, அதற்கும் அப்பால் கடல். வந்து பார்ப்பவர்களுக்குப் பொறாமை வரும். பூமரம் வளர்க்க நினைப்பவனுக்கு அழுகை வரும். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. மல்லிகை வைத்தேன், இலையோரம் கருகி ஒரு மாதத்தில் குச்சியானது. ரோசா அதற்கும் முன்னால் போனது. செவ்வரத்தை கொஞ்சம் தாக்குப்பிடித்துப் பார்த்தது, பிறகு அதன் மேல் வெள்ளைப் பூச்சி வந்து குடியேறியது. கடைசியில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது பழைய பேப்பரில் சுற்றி ஓர் அலரித் தடி கொண்டுவந்தார். "இதை நட்டுவிடு, இது சாகாது" என்றார். சாகவில்லை. பூச்சாடியை இரண்டு முறை மாற்ற வேண்டி வந்தது, அவ்வளவுதான்.

ஏன் சாகவில்லை என்று ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தேன். அலரி இலை கணுவுக்கு மூன்று மூன்றாக, ஒரே வட்டத்தில் நிற்கும். கைவிரலை விட நீளம், தோல் மாதிரித் தடிப்பு, நடுவில் வெளிறிய நரம்பு. அதன் தந்திரம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலான மற்றச் செடிகளில் மூச்சுத்துளைகள் இலைப் பரப்பிலேயே வெறுமனே திறந்திருக்கும். அலரி அவற்றைச் சின்னச் சின்னக் குழிகளுக்குள் ஒளித்து, குழி வாயில் மெல்லிய மயிர் வைத்து மூடியிருக்கிறது. காற்று எவ்வளவு அடித்தாலும் உள்ளே இருக்கும் ஈரம் சுலபத்தில் போகாது. வெயில், உப்பு, நான் ஊருக்குப் போய் பத்து நாள் தண்ணீர் ஊற்றாதது, எல்லாவற்றையும் அது தாங்கும். 1945இல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில் முதலில் பூத்த மரங்களில் ஒன்று என்று இதைத்தான் அந்த நகரம் தன் பூவாக வைத்திருக்கிறது. என் பல்கனியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா?

எங்களுடையது ரோசா நிற அடுக்கலரி. எல்லா அலரியும் மணக்காது. இது மணக்கும். பகலில் கிட்டப் போனால்தான் தெரியும். விளக்கு வைக்கும் நேரத்தில் கதவைத் திறந்தாலே கூடத்துக்குள் வந்துவிடும். பாயாசத்தில் கொஞ்சம் அதிகமாகப் போட்ட வாசனைப் பொருள் மாதிரி ஓர் இனிப்பு, அதன் அடியில் ஒரு கசப்பு. இலையைக் கசக்கினால் அந்த இனிப்பு இல்லை, பச்சை வாடைதான், விரலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கசக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அலரி நஞ்சு என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கொடுத்துத் தெரிந்துகொண்ட விஷயமில்லை. நெருப்பு சுடும் என்பது மாதிரி அது. ஊரில் முற்றத்தின் கிழக்குப் பக்கம் செவ்வலரி நின்றது. விடியவே அம்மம்மா கடகத்தோடு போய், பூவை மட்டும் கிள்ளி அம்மனுக்கு வைப்பார். திரும்பி வந்ததும் கிணற்றடியில் கை கழுவிவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைவார். சாமிக்கு வைத்ததைத் தொட்டுவிட்டு ஏன் கை கழுவ வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. ஆடு கூட அதன் பக்கம் போகாது.

வேலியில் நின்றது வேறு, மஞ்சள் அலரி. அதைப் பற்றிப் பெரியவர்கள் தணிந்த குரலில்தான் பேசுவார்கள். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து வடக்கில் அந்த மரத்தால் எத்தனையோ வீடுகளில் ஒப்பாரி எழுந்தது, பிறகு அது தீவு முழுக்கப் பரவியது. எங்கள் ஒழுங்கையில் ஒரு கிழமைக்குள் நான்கு வீட்டு வேலிகளில் மஞ்சள் அலரி காணாமல் போனது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த வீட்டு அக்காவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, கத்திகள் மட்டும் சத்தம் போட்டன. அதற்கு மேல் நானும் சொல்லப்போவதில்லை. (மனதில் பாரம் ஏறி நிற்கும் யாராவது இதைப் படித்தால் 1926க்கு அழையுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம்.)

சரி, கொழும்புக்கு வருவோம்.

போன வருடம் தங்கச்சியும் அவளுடைய மகளும் எங்களோடு தங்க வந்தார்கள். மருமகளுக்கு ஏழு வயது. அவள் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பதில் இல்லாத கேள்விகளின் தொகை கூடிவிட்டது. ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் புறக்கோட்டைக்குப் போக பஸ் ஏறினோம். காலி வீதியில் கொள்ளுப்பிட்டி தாண்டும்போது அந்த உயர்ந்த மதிலையும் காவல் அரண்களையும் காட்டி, அதுதான் பிரதமருடைய அலரி மாளிகை என்றேன். மாமாவுக்கும் கொழும்பு தெரியும் என்று காட்ட வேண்டாமா?

அவள் மதிலை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"மாமா, அலரி நஞ்செல்லோ? பிரதமருக்கு நஞ்சு மரத்திலயோ வீடு?"

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு, சனம் நிறைந்த பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனிதன் சொல்லக்கூடிய சோம்பேறிப் பதிலைச் சொன்னேன். "அது சிங்களத்தில அரலிய, தமிழில அலரி எண்டு போட்டிருக்கினம். எல்லாம் ஒண்டுதான் பிள்ளை."

எல்லாம் ஒன்றுதான். பக்கத்தில் தங்கச்சி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பின்னேரம். தங்கச்சி குசினியில், நான் கணினியில். பல்கனியில் கடை நடந்துகொண்டிருந்தது. பிளாஸ்ரிக் கேத்தில், நான்கு சின்னக் கோப்பை, ஒரு கரடிப் பொம்மை, ஒரு தலையில்லாத பொம்மை. தேத்தண்ணிக் கடை. தேயிலைக்கு அலரி இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டிருக்கிறாள். மேலே அழகுக்கு ரோசாப் பூ இதழ். நான் தண்ணீர் குடிக்க எழும்பிப் போனபோது கரடிக்குக் கரண்டியால் ஊட்டிவிட்டு, அதே கரண்டியைத் தன் வாயில் வைத்திருந்தாள்.

"கைக்குது மாமா" என்றாள், முகத்தைச் சுளித்து.

அந்த மூன்று மணித்துளியில் நான் செய்த ஒரே புத்தியான காரியம், வாயைத் துடைத்துக் கொப்பளிக்க வைத்ததும், மரத்தில் ஒரு கிளையை முறித்து சொப்பிங் பாக்கில் போட்டுக்கொண்டதும்தான். தங்கச்சி விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கப் போனாள், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அது கூடாது என்று எங்கேயோ படித்திருந்தேன். பிறகு ஓட்டோ, ஹோர்ன், போக்குவரத்து விளக்கு, எல்லாக் கடவுளும்.

மருத்துவமனை வாசலில் நான் ஓட்டோக்காரருக்குக் காசு கொடுத்து மிச்சத்தை வாங்காமல் ஓடி வருவதற்குள், தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தாதி என்ன மரம் என்று கேட்டிருக்கிறார். தங்கச்சிக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும். ஆனால் இந்த ஒரு சொல் அவளுக்குத் தெரியும், நான்தானே பஸ்ஸில் சொல்லிக் கொடுத்தேன்.

"அரலிய" என்றிருக்கிறாள்.

நான் போகும்போது தாதியின் முகம் இளகியிருந்தது. "ஆ, அரலியத? பய வென்ன எபா" என்று தங்கச்சியின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். பயப்படாதே என்கிறார். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அரலிய என்றால் விகாரைதோறும் நிற்கும் மரம், போயா நாளில் தட்டில் அடுக்கிக்கொண்டு போகும் பூ. அதன் பால் வாயில் பட்டால் எரியும், வயிற்றைக் கலக்கும். இதயத்தை நிறுத்தாது. எங்களை வாங்கில் உட்காரச் சொன்னார். எங்களுக்கு முன்னால் காய்ச்சலோடு ஐந்தாறு பிள்ளைகள் இருந்தார்கள்.

நான் பையைத் திறந்து கிளையை எடுத்து மேசையில் வைத்தேன். மூன்று மூன்றாக இலை, நுனியில் வாடத் தொடங்கிய ரோசாக் கொத்து.

தாதி ஒன்றும் பேசவில்லை. கிளையோடு எழும்பி உள்ளே போனார். அடுத்த நிமிடம் இளம் டொக்டர் ஒருவர் வந்தார். "மே அரலிய நெவெய், கனேரு" என்றார். இது அரலிய இல்லை என்கிறார். வரிசையில் இருந்தவர்கள் வழி விட்டார்கள். பிள்ளையின் நெஞ்சில் ஈசீஜீ வில்லைகளை ஒட்டினார்கள். அவள் குனிந்து பார்த்து, இதில் இரண்டை கரடிக்குத் தருவீர்களா என்று தமிழில் கேட்டாள். டொக்டருக்கு விளங்கவில்லை, ஆனால் தலையாட்டினார்.

இரவு முழுக்க வைத்திருந்தார்கள். திரையில் பச்சைக் கோடு ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை கூடப் பிசகவில்லை. தண்ணீரில் இலை ஊறிய நேரம் குறைவு, போனது கரண்டி நுனியில் ஒட்டியிருந்த துளி. அடுத்த நாள் மத்தியானம் விட்டார்கள். நான்தான் அந்த இரவில் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்து, என் சொந்த இதயத்துடிப்பையும் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வாசிக்க உட்கார்ந்தேன். வாசிக்க வாசிக்க என் "எல்லாம் ஒண்டுதான்" எவ்வளவு பெரிய பிழை என்று விளங்கியது. ஆனால் அந்தப் பிழையைச் செய்த முதல் ஆள் நான் இல்லை என்பதும் விளங்கியது.

பிரதமரின் மாளிகைக்கு ஆங்கிலத்தில் டெம்பிள் ட்ரீஸ் என்று பெயர். வெள்ளைக்காரர்கள் இலங்கையில் விகாரைகளில் கண்ட அந்த வாசப்பூ மரத்தை அப்படித்தான் அழைத்தார்கள். சிங்களத்தில் அது அரலியகஹ மந்திரய. அரலிய என்பது புளுமேரியா: தடித்த மொட்டைக் கொப்பு, முறித்தால் வெள்ளைப் பால், நடுவில் மஞ்சள் தேய்த்த ஐந்து இதழ். தமிழுக்கு வரும்போது பெயர் அலரி மாளிகை ஆனது. அலரி என்றால் சராசரித் தமிழன் மனதில் வருவது நீரியம் ஒலியாண்டர், என் பல்கனியில் நிற்பது. அதற்குச் சிங்களத்தில் கனேரு. மஞ்சள் அலரி அவர்களுக்குக் கஹ கனேரு. ஆக, சொல்லால் பார்த்தால் அலரியும் அரலியாவும் அக்கா தங்கச்சி. மரத்தால் பார்த்தால் தூரத்துச் சொந்தம்தான். எங்கள் செய்தித்தாள்கள் வாரத்துக்கு நான்கு தடவை பிரதமரை நஞ்சு மரத்துக்குள் குடிவைக்கின்றன. மருமகள் ஒருத்திதான் அதைக் கவனித்தாள்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அரலியாவுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு, ஈழத்தலரி. ஈழத்திலிருந்து வந்த அலரி என்று யாரோ கடலுக்கு அந்தப் பக்கம் நின்று வைத்த பெயர். உண்மையில் அந்த மரம் ஈழத்துக்கே அமெரிக்காவிலிருந்து வந்தது, மெக்சிகோ, கரீபியன் பக்கம்தான் அதன் சொந்த ஊர். ஈழத்தில் பிறந்த நான் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டது நாற்பது வயதில், ஓர் அகராதியில். எங்கள் வீட்டில் அம்மா அதைக் கோயில் பூ என்பதோடு சரி. அந்த அகராதிப் பெயரை வைத்து ஈழத்தலரி மாளிகை என்று எழுதியிருந்தால் தாவரவியல் தப்பியிருக்கும். அரசியல் தப்பியிருக்குமா என்பது வேறு கதை.

பெயர் வைத்தவர்களையும் முழுசாகப் பழிக்க முடியாது. அலரி, மஞ்சள் அலரி, அரலியா மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். எருக்கும் நித்திய கல்யாணியும் கூட அந்தக் குடும்பம்தான். கிள்ளினால் பால் வடிகிற கூட்டம். மணத்தைப் பார்த்து, பூச்சுழலைப் பார்த்து, பாலைப் பார்த்து ஒரே பெயரின் கீழ் அடுக்கிவிட்டார்கள். குணம் மட்டும் வேறு. அரலியா மணத்தை வைத்து ஏமாற்றும் மரம். இரவில் வாசத்தை அள்ளி வீசும், அந்துப்பூச்சி தேன் இருக்கிறதென்று நம்பி வரும், பூவில் ஒரு சொட்டுத் தேன் கிடையாது. பூச்சி பூவுக்குப் பூ அலைந்து மகரந்தத்தைச் சுமப்பதுதான் மிச்சம். அதோடு அது இலை உதிர்த்து மொட்டையாகவும் நிற்கும். அலரி வருடம் முழுக்கப் பச்சை. பூ, இலை, பட்டை, வேர், காய்ந்த சருகு, எரித்த புகை, எதிலும் நஞ்சு போகாது.

அந்த நஞ்சு செய்கிற வேலையை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு கலத்தின் சுவரிலும் ஒரு பம்ப் இருக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளும், பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இதயத் தசையின் துடிப்பு இந்த ஒழுங்கில்தான் நிற்கிறது. அலரியின் ஒலியாண்ட்ரின் என்ற நஞ்சு அந்தப் பம்பைப் போய் அடைத்துவிடுகிறது. கலத்துக்குள் கல்சியம் சேர்கிறது, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது, துடிப்பு தாளம் தப்புகிறது. கொஞ்சமாக, அளந்து கொடுத்தால் இதே வேலைதான் மருந்து. 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில வைத்தியர் ஃபொக்ஸ்குளோவ் செடியைப் பற்றி எழுதி வைத்தார், அந்த வழியில் வந்ததுதான் எங்கள் அப்பப்பா கடைசிக் காலத்தில் குடித்த டிஜொக்சின் குளிசை. அப்பப்பாவின் மருந்தும் அம்மம்மாவின் பூவும் இதயத்தில் ஒரே பூட்டைத்தான் திறக்கின்றன.

முறிவு மருந்தின் கதைதான் என்னை நீண்ட நேரம் பிடித்து வைத்தது. டிஜொக்சினை ஒரு புரதத்தோடு இணைத்துச் செம்மறியாட்டுக்கு ஏற்றினால் ஆட்டின் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் செய்யும். அந்த எதிர்ப்பொருளை இரத்தத்திலிருந்து எடுத்து, துண்டாக்கி, சுத்தம் செய்து மருந்தாக்குகிறார்கள். டிஜொக்சினும் அலரி நஞ்சும் உருவத்தில் ஒன்றுக்கொன்று கிட்ட என்பதால் அது இதையும் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் அலரிக்கு இது உண்மையில் வேலை செய்கிறதா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தது எங்கள் நாட்டில்தான். இதயத் துடிப்பு மோசமாகக் குழம்பியிருந்த 66 நோயாளிகள், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். இரண்டு மணித்தியாலத்தில் மருந்து பெற்றவர்களில் 15 பேருடைய துடிப்பு ஒழுங்குக்கு வந்திருந்தது, மற்றப் பக்கத்தில் 2 பேருக்குத்தான். 2000ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிறகு என்ன நடந்தது? விலை. ஏழை நாட்டு மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகாத விலை. மருந்து கிடைக்காமல் போய், இறப்பு மறுபடி கூடியதை அதே இதழில் 2003இல் எழுதினார்கள். எங்கள் உடம்பில் சோதித்துப் பார்த்துத் தேறிய மருந்து எங்களுக்கே எட்டவில்லை. இதை வாசித்த இரவு, பக்கத்து அறையில் தூங்கும் பிள்ளையை இரண்டு தடவை எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த இடத்தில் நான் முடிவெடுத்தேன், மரம் போக வேண்டும். தங்கச்சி அதை முதல் நாளே சொல்லிவிட்டாள். ஊரிலிருந்து தொலைபேசியில் அம்மாதான் தயங்கினார். "கோயிலுக்கு வைக்கிற பூவை வெட்டக்கூடாது" என்றார், பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெட்டிப் போடு. கைக்கு ஏதும் போட்டுக்கொண்டு வெட்டு. எரிச்சுப்போடாதை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காவலாளியிடம் மரம் அறுக்கும் வாள் இரவல் வாங்கி வந்தேன். குசினிக் கையுறை, கண்ணாடி, பழைய சேட். மருமகள் கதவுக்கு உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால், கரடியோடு. முதல் கொப்பைத் தூக்கிப் பிடித்தபோது இலையின் அடியில் ஏதோ மின்னியது. தோட்டு ஜிமிக்கி ஒன்று சிக்கிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். சுட்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது, தலைகீழாகத் தொங்கியது. தங்கம் பூசிய மாதிரி. என் முகம் அதில் வளைந்து தெரிந்தது.

கூட்டுப்புழு. அலரி இலையைத் தின்று வளரும் கருப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று இருக்கிறது, இறக்கை ஓரத்தில் வெள்ளைப் பொட்டுக்கள். காலி வீதியில் கூடப் பறக்கும், சோம்பலாக, யாருக்கும் பயப்படாமல். அதன் புழு எங்களைக் கொல்லும் நஞ்சைத் தின்றும் சாகாமல் வளர்கிறது. பறவைகளுக்கு அந்த வண்ணத்துப்பூச்சி பிடிக்காத தீனி, பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. அந்தச் சோம்பலுக்குக் காரணம் அதுதான்.

கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு மருமகள் கேட்டாள், "மாமா, அது தங்கமோ?"

வாளைக் கீழே வைத்தேன். தங்கச்சி வந்து பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. பூச்சாடியை நானும் அவளுமாக இழுத்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். அந்தக் கதவுக்குப் பூட்டு இருக்கிறது, சாவியை என் உயரத்துக்கு ஆணியில் மாட்டினேன். வண்ணத்துப்பூச்சி போனதும் வெட்டுவது என்று பேச்சு.

அடுத்த கிழமை கூடு கண்ணாடித்தாள் மாதிரி வெறுமையாகத் தொங்கியது. நான் வாளை எடுக்கத் திரும்பினேன். தங்கச்சி குந்தியிருந்து ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையுறையோடு.

"அண்ணா, இதில இன்னும் ரெண்டு தொங்குது."

பின்னேரம் வாளைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனேன். காவலாளி சிரித்துக்கொண்டு, அரலிய மரத்தை வெட்டியாயிற்றா என்று சிங்களத்தில் கேட்டார்.

"அரலிய நெவெய்" என்றேன். "கனேரு."

வாளை வாங்க நீட்டிய கை பாதியில் நின்றது.